என்ஜின் மாற்றிய வண்டியில் ஏசி: கம்ப்ரசரைக் குற்றம் சொல்லுமுன்

கேள்வி: அண்ணா, எனக்கு ஊர் குளச்சல். கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுக்கும் தொழில். அப்பா 1997-இல் வாங்கிய மாருதி ஜென் இன்றும் என்னிடம் இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. போன வருடம் என்ஜின் போய்விட்டது. பின்னால் வந்த, கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீச்சும் எம்பிஎஃப்ஐ ஜென் ஒன்றின் என்ஜினை அதன் கம்ப்யூட்டர், ஒயரிங், ஏசி கம்ப்ரசரோடு வாங்கி மாற்றினோம். ஓட்டம் அருமை. ஏசி மட்டும் அன்று முதல் சரியில்லை. காலையில் குளிர்கிறது. வண்டி சூடானபிறகு, கம்ப்ரசரை என்ஜினோடு சேர்க்கும் காந்தக் கிளட்ச் டக் டக்கென்று பிடித்துப் பிடித்து விடுகிறது. ஹெட்லைட் போட்டால் இன்னும் மோசம். ஏசி பிடிக்கும்போதெல்லாம் என்ஜின் நடுங்கி நின்றுவிடப் பார்க்கிறது. மார்த்தாண்டம் நெருக்கடியில் நின்றால் வெறும் காற்றுதான். ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி போகும்போது நன்றாகக் குளிர்கிறது. ஒருமுறை பியூசும் போனது. ஏசிக்காரர் இரண்டு தடவை கேஸ் ஏற்றினார், இப்போது கம்ப்ரசர் மாற்றச் சொல்கிறார். என்ஜின் மாற்றியவர், "பேட்டரியில இருந்து டைரக்டா ஒரு சுவிட்ச் போட்டுத் தாறேன், அதோட தீந்துரும், பாத்துக்கிடுங்க" என்கிறார். நான் எதைச் செய்ய?

பதில்: தம்பி, கம்ப்ரசரும் வாங்க வேண்டாம், டைரக்ட் சுவிட்சும் போட வேண்டாம். கெட்டுப்போன கம்ப்ரசருக்குக் காலை, மத்தியானம் என்ற பேதம் கிடையாது. ஹெட்லைட் போட்டதும் அதன் போக்கு மாறாது. நீங்கள் எழுதியிருப்பவை ஏறக்குறைய எல்லாமே ஒயரிங் சம்பந்தப்பட்டவை. அதுவும் ஒரே கோளாறு அல்ல. குறைந்தது மூன்று கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன என்பது என் கணிப்பு. இரண்டு பேர் பார்த்தும் பிடிபடாமல் போனதற்கு அதுதான் காரணம். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது மறைத்துவிடும்.

என் கண்ணில் முதலில் பட்டது, ஏசி பிடிக்கும்போது என்ஜின் நடுங்குவது. எம்பிஎஃப்ஐ என்ஜின் இப்படி நடுங்கக் கூடாது. ஏசி வேண்டும் என்ற தகவல் வந்ததுமே என்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம், ஐடிலிங்கை (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகத்தை) சற்று உயர்த்தும், அதன்பிறகுதான் கிளட்சைப் பிடிக்க விடும். சுமை வருவது முன்கூட்டியே தெரியும் என்பதால் என்ஜின் தடுமாறாது. உங்கள் வண்டியில் தடுமாறுகிறது என்றால், ஏசி ஓடுவதே இசிஎம்முக்குத் தெரியவில்லை என்று பொருள். சுமை வந்து விழுந்தபிறகுதான் ஆர்பிஎம் சரிவதைக் கண்டு அது சமாளிக்கப் பார்க்கிறது.

இது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. உங்கள் பழைய கார்புரேட்டர் ஏற்பாட்டில் ஏசி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. புளோயரைப் போட்டு ஏசி சுவிட்சை அழுத்தினால், கரண்ட் டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். கூலிங் காயிலில் சொருகியிருக்கும் சென்சர், காயில் பனிக்கட்டியாகும் அளவுக்குக் குளிர்ந்திருக்கிறதா என்று சொல்லும். எல்லாம் சரியென்றால் ஆம்ப்ளிஃபயர், சிறு கரண்டில் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்சான ரிலேயை இயக்கும், ரிலே கிளட்சுக்குக் கரண்டைக் கொடுக்கும். ஐடிலிங்கை உயர்த்துவதற்கென்று கார்புரேட்டரின் பக்கத்தில் வாக்குவத்தில் வேலை செய்யும் தனி அமைப்பு ஒன்று இருந்திருக்கும். என்ஜினோடு சேர்ந்து அதுவும் கழன்று போய்விட்டது.

எம்பிஎஃப்ஐ வண்டியில் கதை வேறு. ஏசி சுவிட்ச், சென்சர், கேஸின் அழுத்தம் தவறினால் துண்டிக்கும் பிரஷர் சுவிட்ச் எல்லாம் சேர்ந்து இசிஎம்மிடம் ஒரு கோரிக்கையைத்தான் வைக்கின்றன. என்ஜின் சூடு, ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது, ஐடிலிங் எப்படி என்றெல்லாம் பார்த்துவிட்டு ரிலேயை இயக்குவது இசிஎம். உங்கள் டேஷ்போர்டுக்குள் இருப்பது பழைய ஏற்பாடு, பானட்டுக்குள் இருப்பது புதிய ஏற்பாடு. மாற்றியவர் என்ஜினை ஓடவைக்கும் ஒயர்களையெல்லாம் ஒழுங்காக இணைத்திருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏசிக்கு மட்டும் பழைய ஆம்ப்ளிஃபயரின் ஒயரைக் கொண்டுவந்து நேரே கிளட்ச் ரிலேயில் கொடுத்திருப்பார் போலிருக்கிறது.

திருத்த வேண்டியது இதுதான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெளியே வரும் ஒயர் பிரஷர் சுவிட்ச் வழியாக இசிஎம்மின் ஏசி கோரிக்கை முனைக்குப் போக வேண்டும். இசிஎம்மின் ஏசி ரிலே முனையிலிருந்து வரும் ஒயர் ரிலே காயிலுக்குப் போக வேண்டும். எந்த ஒயர் எந்த முனை என்பதை நிறத்தை வைத்து ஊகிக்கவே கூடாது. அந்த இசிஎம்மின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்குரிய ஒயரிங் வரைபடத்தைத் தேடி வாங்கச் சொல்லுங்கள். கோரிக்கை சில இசிஎம்களில் 12 வோல்ட்டாக வர வேண்டும், சிலவற்றில் எர்த்தாக வர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் இசிஎம்முக்கே ஆபத்து. ஏசி இல்லாத மாடலுக்கென்று வந்த இசிஎம்மாக இருந்தால் அந்த வசதியே உள்ளே இல்லாமலும் இருக்கலாம். வாங்கிய வண்டியில் கம்ப்ரசரும் சேர்ந்தே வந்ததால் உங்களுக்கு அந்தக் கவலை அநேகமாக இல்லை. இருந்தாலும் எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

இதோடு இன்னொன்று. பழைய கார்களின் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றுக்கு இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வரும். என்ஜின் ஓடுகிறதா, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை அதில் வரும் துடிப்பை வைத்துத்தான் ஆம்ப்ளிஃபயர் அறியும். என்ஜின் மாற்றும்போது காயிலும் மாறுவதால் இந்த ஒயர் அந்தரத்தில் தொங்கும், அல்லது எங்காவது முறுக்கிச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். துடிப்பு சரியாக வராவிட்டால், என்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்து ஆம்ப்ளிஃபயர் கிளட்சை விட்டுவிடும். என்ஜின் மாற்றியபிறகு ஏசி பிடிக்கவே இல்லை என்று வரும் வண்டிகளில் முதலில் இந்த ஒயரைத்தான் தேட வேண்டும். உங்கள் வண்டியில் பிடிக்கிறது, ஆனால் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. ஆகவே அந்த ஒயரின் இணைப்பையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

இனி அந்த டக் டக் சத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நல்ல கம்ப்ரசர்கள் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கிளட்சுக்குள் இருப்பது ஒரு செம்புக் காயில். அதன் ரெசிஸ்டன்ஸ் சாதாரணமாக 3 முதல் 4 ஓம் வரை இருக்கும். 3.6 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் 3.3 ஆம்பியர் பாயும், காந்தம் தட்டை நன்றாக இழுத்துப் பிடிக்கும். என்ஜின் சூட்டில் காயிலும் சூடாகிறது. செம்பு சூடாகச் சூடாக ரெசிஸ்டன்ஸ் கூடும். காலையில் 3.6 ஓமாக இருந்த காயில், 100 டிகிரியை நெருங்கும்போது 4.7 ஓம் ஆகிவிடும். அதே 12 வோல்ட்டுக்கு இப்போது 2.5 ஆம்பியர்தான். நல்ல கிளட்ச் அதிலும் பிடிக்கும், அதற்கேற்பத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒயரிங்கில் எங்காவது ஒன்றரை வோல்ட் தொலைந்துவிட்டால் மிஞ்சுவது 2.2 ஆம்பியர். அப்போது காந்தம் தடுமாறும். ஹெட்லைட்டும் போட்டால் வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும், தட்டு நழுவும். நீங்கள் எழுதிய காலைக்கும் மத்தியானத்துக்குமான வித்தியாசத்துக்கு, ஹெட்லைட் போட்டால் மோசமாவதற்கு, இந்த ஒரே கணக்கு போதும்.

தொலையும் அந்த ஒன்றரை வோல்ட் எங்கே போகிறது? என் சந்தேகம் எர்த்தின் மேல்தான். உங்கள் காலத்துக் கார்களில் கிளட்சுக்குப் பெரும்பாலும் ஒரே ஒயர்தான் வரும். திரும்பும் பாதை கம்ப்ரசரின் உடம்பு, அது பொருந்தியிருக்கும் பிராக்கெட், என்ஜின் பிளாக், அங்கிருந்து பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் போகும் எர்த் பட்டை. என்ஜினை இறக்கி ஏற்றும்போது இந்தப் பட்டையைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்ட மறப்பதும், பெயின்ட் அடித்த போல்ட்டின் மேலேயே மாட்டுவதும், இரண்டு பட்டை இருந்த இடத்தில் ஒன்றோடு விட்டுவிடுவதும் சர்வசாதாரணம். அப்போதும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆக்சிலேட்டர் கேபிள், ஏசி பைப் என்று கிடைத்த வழியாகவெல்லாம் கரண்ட் திரும்பிவிடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உங்கள் வண்டியில் செல்ப் அடிக்கும்போது கேபிள் ஏதாவது சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

இதைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், நாகர்கோவிலில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். என்ஜினை ஓடவிட்டு ஏசி, ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் போடுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வைத்து, சிவப்பு முனையைக் கம்ப்ரசர் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-க்கு மேல் காட்டினால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது. அடுத்து, சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்து, கறுப்பு முனையைக் கிளட்ச் ஒயரின் கப்ளரில் பின்பக்கமாகச் செருகுங்கள். கிளட்ச் பிடித்திருக்கும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பியூஸ் ஹோல்டர், ரிலே, கப்ளர் என்று வரும் வழியில் ஒன்று கரண்டைத் தின்கிறது. மீட்டரைப் படிப்படியாக நகர்த்தினால் எது என்று தெரிந்துவிடும்.

பீப் சத்தம் வரும் செட்டிங்கை நம்பாதீர்கள். ஒயரின் பத்துப் பதினைந்து இழைகளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். மூன்று ஆம்பியர் பாயச் சொன்னால்தான் அதன் லட்சணம் தெரியும். அதனால்தான் எல்லாவற்றையும் ஓடவிட்டு அளக்கச் சொல்கிறேன்.

மீட்டர் கைக்கு வருமுன்னே பார்க்க வேண்டுமானால், வேறு வண்டியிலிருந்து ஸ்டார்ட் செய்ய வைத்திருக்கும் ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கம்ப்ரசர் பிராக்கெட்டிலும் கடிக்க விடுங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாத இடமாகப் பார்த்து, என்ஜின் நின்றிருக்கும்போதே மாட்டிவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். டக் டக் நின்றுவிட்டால் கம்ப்ரசருக்கு எடுத்துவைத்த பணத்தை பேங்கிலேயே போட்டுவிடலாம். எர்த்தைச் சரியாகப் போடுவது இப்படி: போல்ட் உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். மேலே வாசலினோ கிரீசோ பூசுங்கள். பட்டை 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். என்ஜினுக்கும் பாடிக்கும் ஒன்று, பேட்டரிக்கும் பாடிக்கும் ஒன்று. இசிஎம்முக்கென்று தனி எர்த் ஒயர்கள் என்ஜினில் எங்கோ ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும், அதையும் அப்படியே சுத்தம் செய்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் கிளட்ச் நழுவினால், தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கம்ப்ரசர்களில் அது அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நெடுநாள் நழுவித் தேய்ந்து அது அகன்றிருந்தால், உள்ளே இருக்கும் மெல்லிய வாஷரை எடுத்துச் சரிசெய்யலாம். காயிலே போயிருந்தாலும் கிளட்சை மட்டும் மாற்ற முடியும். அதற்காக முழுக் கம்ப்ரசரை வாங்குவது வீண்செலவு.

மூன்றாவது விஷயம் ஃபேன். நெருக்கடியில் வெறும் காற்று, ஓடும்போது குளிர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரல்வாய்மொழியில் வண்டி ஓடும் வேகமும் கணவாய்க் காற்றும் சேர்ந்து, கேஸின் சூட்டை வெளியே விடும் கன்டென்சரைக் குளிர்விக்கின்றன. மார்த்தாண்டத்தில் பாலத்தின் கீழே நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்தாக வேண்டும். அது செய்யவில்லை. கேஸின் அழுத்தம் ஏறுகிறது, 27 முதல் 32 பார் வரை ஏதோ ஒரு அளவில் பிரஷர் சுவிட்ச் கட் செய்கிறது, காற்று வெறும் காற்றாகிறது. சற்று ஆறியதும் திரும்பப் பிடிக்கிறது.

என்ஜின் மாற்றிய வண்டியில் ஃபேன் இரண்டு விதமாகக் காலை வாரும். பழைய வண்டியில் ஃபேனை இயக்கியது தண்ணீர்ச் சூட்டுக்கென்று இருந்த தனி சுவிட்ச். புதிய ஏற்பாட்டில் இசிஎம் இயக்கும். இரண்டுக்கும் நடுவில் யாருமே இயக்காமல் போயிருக்கலாம். அல்லது ஃபேனின் இரண்டு ஒயரும் இடம் மாறி, ஃபேன் தலைகீழாகச் சுற்றலாம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஃபேன் சுற்றுகிறதே என்று போய்விடுவார்கள். ஏசி போட்டதும் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கிரில்லுக்கு முன்னால் ஒரு நியூஸ்பேப்பர் தாளைப் பிடியுங்கள். தாள் உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் ஒயரை மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான். கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். என்ஜின் நின்றிருந்தாலும் சில வண்டிகளில் அது சொல்லாமல் ஓடத் தொடங்கும்.

ஃபேன் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறினால் அடுத்த சந்தேகம் அந்த இரண்டு தடவை ஏற்றிய கேஸின் மேல். அளவுக்கு மேல் கேஸ் இருந்தாலும் இதே அறிகுறிதான். கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவதை இனி ஒப்புக்கொள்ளாதீர்கள். என்ஜின் நின்றிருக்கும்போது ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரியில் 6.7 பார் அளவு காட்டும். உள்ளே 300 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் அதே அளவைத்தான் காட்டும், அதனால் அதை வைத்து எடை தெரியாது. முழுதும் எடுத்துவிட்டு, வாக்குவம் போட்டு, பானட்டுக்குள் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்கில் எடைபோட்டு ஏற்றுவதுதான் முறை.

அதற்கு முன் இன்னொரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். 1997 வண்டி என்பதால் உங்கள் பழைய பைப்புகளும் கன்டென்சரும் ஆர்-12 கேஸுக்கானவையாக இருக்கலாம். புதிதாக வந்த கம்ப்ரசர் ஆர்-134ஏ கேஸுக்கானது. கேஸ் ஏற்றும் வாய் மரைபோட்டு முறுக்குவதாக இருந்தால் ஆர்-12, அழுத்தி மாட்டும் கப்ளராக இருந்தால் ஆர்-134ஏ. ஆர்-12-க்குப் போட்ட மினரல் ஆயில் 134ஏ கேஸோடு கலந்து ஓடாது. ஆயில் திரும்பி வராவிட்டால் கம்ப்ரசர் உண்மையிலேயே போய்விடும். பழைய ஆயில் உள்ளே தங்கியிருக்கிறதா, ஃப்ளஷ் செய்தார்களா, ஓ-ரிங்குகளையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார்களா என்று ஏசிக்காரரிடம் நேராகவே கேளுங்கள்.

பியூஸ் ஒரே ஒரு முறை போனது என்றால் எங்கோ ஒயர் உரசுகிறது. கம்ப்ரசருக்கு வரும் ஒயர் எக்சாஸ்ட் பக்கமாகவோ பெல்ட் பக்கமாகவோ போகிறதா, அதன் தோல் உருகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிளட்ச் காயிலின் குறுக்கே, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு ஒன்று இருக்கும். கிளட்ச் விடும்போது வரும் வோல்ட்டேஜ் அடியை வாங்கிக்கொள்வது அதன் வேலை. அதைத் திருப்பிப் போட்டால் ஏசி போட்ட அடுத்த நொடியே பியூஸ் போகும். உள்ளே டையோடு வைத்த ரிலேயில் அதன் காயிலுக்கான 85, 86 முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் இதே கதிதான். உங்களுக்கு அடிக்கடி போகாததால் டையோடைவிட உரசும் ஒயர் மேல்தான் எனக்குச் சந்தேகம். 10 ஆம்பியர் போகிறது என்று 20 ஆம்பியர் பியூசை மட்டும் போட்டுவிடாதீர்கள். அடுத்து எரிவது ஒயராக இருக்கும்.

இப்போது அந்த டைரக்ட் சுவிட்ச். கிளட்ச் நல்லதா என்று பார்க்க, பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்த ஒரு ஒயரை ஓரிரு நொடி தொடுவதில் தவறில்லை. நிரந்தரமாகப் போட்டால், ஒவ்வொரு பாதுகாப்பையும் நீங்களே கழற்றி எறிவதாகும். கேஸ் ஒழுகிக் குறைந்தாலும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். கேஸோடு சேர்ந்துதான் ஆயிலும் சுற்றுகிறது என்பதால் கேஸ் இல்லாமல் ஓடினால் வறண்டு பிடித்துக்கொள்ளும். ஃபேன் நின்றால் அழுத்தம் ஏறுவதைத் தடுக்க யாருமில்லை. கூலிங் காயில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். என்ஜின் சூடேறினாலும் ஏசி நிற்காது. என்ஜினை நிறுத்திவிட்டுச் சுவிட்சை அணைக்க மறந்தால், மூன்று ஆம்பியர் வீதம் ஒரு இரவில் 35 ஆம்பியர் மணி பேட்டரியைக் காலிசெய்துவிடும். விடியற்காலை முகூர்த்தத்துக்குக் கேமராவோடு கிளம்பும் உங்களுக்கு அது பெரிய இழப்பு. பிற்காலத்தில் வேறு புதிய வண்டி வாங்கினாலும் நினைவில் வையுங்கள்: கிளட்ச் இல்லாத, உள்ளே வால்வை வைத்து அளவை மாற்றும் கம்ப்ரசர்கள் இப்போது வருகின்றன. அவற்றில் 12 வோல்ட்டை நேரே கொடுத்துப் பார்ப்பது சோதனைக்குக்கூடக் கூடாது. அதேபோல பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை இசிஎம் ஒயர்களில் தொடவே விடாதீர்கள். அது இழுக்கும் கரண்டை அந்த முனைகள் தாங்காது. மீட்டர் மட்டுமே.

குளச்சலில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து வரும் வண்டியின் கப்ளரைத் திறந்தால் பல நேரம் உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருக்கும். உப்புக் காற்றும், ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று நமக்கு வரும் இரண்டு மழைக்காலங்களும் சேர்ந்து செம்பைத் தின்றுவிடுகின்றன. வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு இந்த ஊரில் அதிக நாள் தாங்காது. டேப்பின் பசை உருகி, தண்ணீர் இறங்கி, ஒயர் தோலுக்குள்ளேயே கறுத்துப்போகும். உங்கள் என்ஜின் ஒயரிங்கில் பழையதையும் புதியதையும் சேர்த்த ஒவ்வொரு இடத்தையும் திறந்து, கிரிம்ப் செய்தோ ஈயம் பற்றவைத்தோ, உள்ளே பசை வைத்த சுருங்கும் குழாயைப் போடச் சொல்லுங்கள். சுமை தாங்காமல் தொங்கும் இணைப்புகளைக் கட்டிவிடுங்கள், என்ஜின் அதிர்வில் ஈயம் பற்றிய இடத்தில்தான் ஒயர் ஒடியும். படகுகளுக்கென்று வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் இருக்கிறது. கிளட்ச் லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டரிலும் ஃபேனுக்கு 2.5-லும் அதையே வாங்கிப் போட்டால் உப்பை நன்றாகத் தாங்கும். தென்னந்தோப்புப் பக்கம் வண்டியை நிறுத்துகிறீர்கள் என்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒரு ஐயம் உங்களுக்கு வரலாம்: நம்ம ஊரில் வெயில் ஒன்றும் அவ்வளவு கொடுமையில்லையே, ஏசிக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று. நம் மாவட்டத்தில் ஏசி மழைக்காலத்துக்கும் வேண்டும். கண்ணாடி மூடி, உள்ளே நாலு பேர் இருக்கும்போது முன் கண்ணாடியில் படரும் ஆவியை வேகமாக எடுப்பது ஏசிதான். காற்றிலுள்ள ஈரத்தைக் கூலிங் காயில் தண்ணீராக்கி வெளியே விட்டுவிடும். ராத்திரி ரிசப்ஷன் முடிந்து மழையில் திரும்பும் உங்களுக்கு இது பார்வை சம்பந்தப்பட்ட விஷயம். அந்த ஈரத்தால்தான் கூலிங் காயில் சென்சரும் முக்கியமாகிறது. டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும்போது அது காயிலின் தகடுகளிலிருந்து வெளியே வந்துவிட்டால், அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டு, பிறகு புளோயர் சத்தம் இருந்தும் காற்று வராமல் போகும். ஏசியைக் கொஞ்ச நேரம் அணைத்தால் தண்ணீர் கொட்டும். அப்படி உங்களுக்கு நடந்தால் சென்சரைத் திரும்பச் செருகினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. என்ஜின் மாறியதும் என்ஜின் எண்ணும் மாறிவிட்டது. ஆர்சி புத்தகத்தில் அதை ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து மாற்றினீர்களா? சொந்தக் காருக்கு முதல் 15 வருடம் முடிந்தபிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை ஆய்வாளர் பார்ப்பார், எண் பொருந்தாவிட்டால் சிக்கல். அதைவிட, ஒரு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இதையே காரணம் காட்டலாம். என்ஜின் வாங்கிய ரசீதும், அது வந்த பழைய வண்டியின் காகிதங்களும் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் விற்றவரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள், நாளானால் கிடைக்காது. இன்சூரன்சிலும் புதிய எண்ணைப் பதிந்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் வரிசை உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும். முதலில் எர்த், அடுத்து ஃபேன். இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும், செலவும் குறைவு. இசிஎம்முக்கு ஏசி ஒயரைக் கொடுப்பதை வரைபடம் கைக்கு வந்தபிறகு, ஒயரிங் மட்டுமே பார்க்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். என்ஜின் மாற்றியவரையும் அன்றைக்கு உடன் அழைத்துக்கொள்ளுங்கள், எந்த ஒயரை எங்கே சேர்த்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். கேஸை எடுத்து எடைபோட்டு ஏற்றுவது கடைசியில். இசிஎம், ரிலே கப்ளர்களைக் கழற்றுமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

அதற்கிடையில் மூன்று அளவுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள்: எல்லாம் ஓடும்போது கம்ப்ரசர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே எத்தனை வோல்ட், அதே நேரத்தில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே எத்தனை வோல்ட், வண்டி நன்றாகச் சூடானபிறகு கப்ளரைக் கழற்றிக் கிளட்ச் காயிலை அளந்தால் எத்தனை ஓம். இரண்டாவது அளவு 13.5-க்குக் கீழே இருந்தால், ஆல்டர்நேட்டரையும் அதன் பெல்ட்டையும் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கும்.